குளத்து நீரும் வளர்ப்பு மீனும்



தோட்டப்புறங்களில் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், எந்த மீனை விட்டால் இலாபம், குஞ்சு எங்கே கிடைக்கும், தீனி என்ன விலை என்றே நாம் முதலில் கேட்கிறோம். நீரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. மழை பெய்கிறது, ஓடை ஓடுகிறது, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, பிறகென்ன என்று எண்ணிவிடுகிறோம். ஒரு நாள் விடியற்காலையில் மீன்களெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும்போது நோய் என்கிறோம். கண்ணேறு என்கிறோம். வேண்டாதவர் யாரோ நஞ்சிட்டுவிட்டார் என்று பக்கத்து வீட்டாரைக்கூடச் சந்தேகிக்கிறோம்.

மீன் வளர்ப்பின் வரலாற்றைப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். குளத்தில் மீன் சாவதற்குப் பெரும்பாலான நேரங்களில் நீரே காரணமாக இருந்திருக்கிறது. அந்த நீரின் நிலையை அறிய மனிதன் பல நூற்றாண்டுகள் பாடுபட்டிருக்கிறான். அவ்வாறு அறிந்தவற்றுள் பெரும்பகுதியை, பால் மரக்காட்டில் வேலை செய்யும் நாம் வேறொரு வகையில் ஏற்கெனவே அறிந்திருக்கிறோம். கரங்கான், மாஹாங், பாடாங் செராய் வட்டாரங்களில் குளம் வெட்ட நினைக்கும் குடும்பங்களுக்கு இவ்வரலாறு பயன்படும் என்பதால், இன்று அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

குளத்தைக் காக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சிக் குழுக்களுள் 'ஏரி வாரியம்' என்ற ஒன்று இருந்ததைக் கூறுகின்றன. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஒரு குழு! ஏரியில் படியும் வண்டலை அள்ள ஓடம் விடுவதற்காக அறக்கட்டளை வைத்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. வண்டலை அள்ளினால் நீர் கொள்ளும் அளவு கூடும். வண்டல் வயலுக்கு உரமாகும். அடியில் அழுகும் சேறு குறைவதால் நீரும் நல்ல நிலையில் இருக்கும். இவை மூன்றும் ஒரே வேலையில் முடிந்தன.

சீன நாட்டில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஃபான் லி என்பவர் கெண்டை மீன் வளர்ப்பைப் பற்றி எழுதினார் என்பது மரபு. ஆயினும் அக்காலத்தவர்க்கு நீரின் உள்ளே நடப்பது தெரியாது. அனுபவத்தால் அறிந்ததைச் செய்தார்கள். தந்தை செய்ததை மகன் செய்தான். நீர் கெட்டால் ஏன் கெட்டது என்று கேட்டறியும் கருவி அவர்களிடம் இல்லை.

இனி நம் மலாயாவுக்கு வருவோம்.

நம் முன்னோர் கப்பலேறி வந்து காடழித்து ரப்பர் நட்ட நாளில், தோட்டத்து நீர் அச்சத்துக்குரிய பொருளாக இருந்தது. காரணம் மலேரியாக் காய்ச்சல். அக்காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். மலாயாத் தோட்டங்களில் இந்நோயை ஆராய்ந்த மருத்துவர் மால்கம் வாட்சன், குன்றுப்புறத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, மரங்கள் வெட்டப்பட்டு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவதைக் கண்டார். ஆகவே தோட்டங்களில் ஓடைகளையும் கான்களையும் மூடினார்கள். மூட முடியாத இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள். உயிர்களைக் காக்கச் செய்த நல்ல செயல் இது. இதனால் நம் லயங்களில் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தனர். எனினும் எண்ணெய் படர்ந்த நீரில் மீன் வளர்ப்பது எங்ஙனம்?

அதற்கு மேலும் இரண்டு வந்து சேர்ந்தன. லாலாங் புல்லைக் கொல்ல அந்நாளில் சோடியம் ஆர்சனைட் என்னும் கடும் நஞ்சைத் தெளித்தனர். ஆலைகளில் பாலை உறைய வைத்த பிறகு எஞ்சிய அமில நீரை ஓடையில் விட்டனர். ஆக, தோட்டத்து ஓடை எண்ணெயையும் நஞ்சையும் அமிலத்தையும் சுமந்து சென்ற காலம் ஒன்று இருந்தது. நம் முன்னோரின் சாப்பாட்டில் கருவாடு நிலையான இடம் பெற்றதற்கு விலையும் வசதியும் காரணங்கள்தாம். ஆயினும் அருகில் ஓடிய நீரை நம்பி மீன் வளர்க்க இயலாத நிலையையும் நாம் மறத்தலாகாது.

நெல் வயல்களில் நிலைமை வேறாக இருந்தது. கெடாவிலும் பேராக்கின் கிரியான் பகுதியிலும் வயல் நீரிலேயே மீன்கள் பெருகின. விரால், மலாய்க்காரர்கள் கெலி என்று அழைக்கும் மீசை மீன், பனையேறிக் கெண்டை ஆகியவை இயல்பாகவே இருந்தன. 1920களில் சயாம் நாட்டிலிருந்து செப்பாட் மீன் கொண்டுவரப்பட்டு, கிரியான் வயல்களில் பல்கிப் பெருகியது. இம்மீன்களுக்கெல்லாம் பொதுவான ஒரு திறமை உண்டு. இவை நீரின் மேற்பரப்புக்கு வந்து நேரே காற்றைச் சுவாசிக்க வல்லவை. சேறும் சகதியும் நிறைந்த, காற்றோட்டமில்லாத வயல் நீரில் இவை பிழைத்ததற்கு இதுவே காரணம். வேறு மீன்கள் அங்கே திணறிச் செத்திருக்கும். அந்நீரில் வாழத் தகுந்த மீன்கள் மட்டுமே அங்கே நிலைத்தன.

இதே காலத்தில் சீனக் குடியானவர்கள், கைவிடப்பட்ட ஈய லம்பங்களில் தேங்கிய நீரில் கெண்டை மீன்களை வளர்க்கத் தொடங்கினர். லம்பத்து நீர் தொடக்கத்தில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதில் மீனுக்கு உணவு ஏதும் இராது. பன்றிச் சாணமும் கோழி எருவும் இட்டால் நீர் பச்சையாகும். அப்பச்சை என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகளின் கூட்டம். பாசியை உண்டு சிற்றுயிர்கள் வளரும். இரண்டையும் உண்டு மீன் வளரும். வயலுக்கு எருவிடுவதுபோல் நீருக்கும் எருவிடலாம் என்பது அவர்கள் கையாண்ட முறை. எரு மிகுந்தால் மீன் செத்தது, குறைந்தால் மீன் இளைத்தது. சரியான அளவு எது என்பதை அவரவர் கண்ணும் கையுமே தீர்மானித்தன.

நீரறிவுக்கு அழகிய எடுத்துக்காட்டு ஒன்று அண்டை நாடான ஜாவாவில் உண்டு. 1930களின் இறுதியில், கிழக்கு ஜாவாவின் பிலிட்டார் பகுதியைச் சேர்ந்த மூஜாயிர் என்ற எளிய மனிதர், செராங் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு புதுமையான மீனைக் கண்டார். ஆபத்து வந்தால் அது தன் குஞ்சுகளை வாய்க்குள் ஒளித்துக்கொண்டது. அதை வீட்டில் வளர்க்க விரும்பிய அவர், உப்பு நீரோடு நன்னீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, இறுதியில் முழு நன்னீரிலேயே வாழும்படி அம்மீனைப் பழக்கிவிட்டார். அதுவே ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா. ஜாவாவில் இன்றும் அம்மீனை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். நீர் மாறும்போது மெல்ல மாற்றவேண்டும் என்ற அவருடைய பாடம், இன்று பையில் குஞ்சு வாங்கி வந்து குளத்தில் விடுவோர் அனைவருக்கும் பொருந்தும். குஞ்சுப் பையைக் கொஞ்ச நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, அதன்பின் திறந்துவிடச் சொல்வது இதனால்தான்.

இத்திலாப்பியா ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1940களின் தொடக்கத்தில், மலாயாவுக்கு வந்தது. அரிசிக்குத் தவித்த காலத்தில், எந்தக் குட்டையிலும் பிழைக்கும் மீன் என்று அதற்கு வரவேற்பு இருந்தது. ஆனால் அது மிக விரைவில் குட்டி போட்டதுபோல் பெருகியது. குளம் நிறைய விரல் அளவு மீன்களே மிஞ்சின. கூட்டம் கூடியதால் உணவும் போதவில்லை, நீரும் கெட்டது.

இத்தகைய சிக்கல்களை முறையாக ஆராய்வதற்கென 1957ஆம் ஆண்டில் மலாக்காவின் பத்து பெரண்டாமில் வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இதன் பின்னணியில் நின்று உழைத்தவர் ஹிக்லிங் என்ற ஆங்கிலேய அறிஞர். இரண்டு வகைத் திலாப்பியாக்களைக் கலந்தபோது குஞ்சுகள் அனைத்தும் ஆணாகப் பிறந்ததை அவர் அங்கே கண்டறிந்தார். ஆண் மீன் மட்டும் இருந்தால் பெருக்கம் இல்லை, ஆகவே மீன் பெரிதாக வளரும்.

நம் பொருளுக்கு இதைவிட முக்கியமானது அந்நிலையத்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி. மலாக்காவின் மண், நம் கெடாத் தோட்டங்களின் மண்ணைப் போலவே புளிப்பு மண். அதாவது அமிலத்தன்மை மிக்கது. அத்தகைய மண்ணில் வெட்டிய குளத்தில் எரு இட்டாலும் நீர் எளிதில் பச்சையாவதில்லை. உரத்திலுள்ள பாஸ்பேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்குள்ள குளங்களில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்டு ஆராய்ந்தபோது மீன் விளைச்சல் உயர்ந்தது. மண்ணைத் திருத்தினால் நீர் திருந்தும், நீர் திருந்தினால் மீன் வளரும் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

நேயர்களே, இங்கே சற்று நின்று, நீரை அளக்கும் முறைகள் எவ்வாறு பிறந்தன என்பதைக் காண்போம். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்கும் முறையை 1888இல் ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் விங்க்ளர் கண்டுபிடித்தார். நீரின் தெளிவை அளக்க, ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்க்கும் எளிய முறையை 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி வகுத்தார். அமிலத்தின் அளவைக் குறிக்கும் பி.எச். என்ற எண்ணை 1909இல் டென்மார்க் நாட்டின் சோரென்சன் அமைத்தார். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். குளத்து மீனுக்கு ஆறரை முதல் ஒன்பது வரை ஏற்றது. நான்குக்கு இறங்கினாலும் பதினொன்றுக்கு ஏறினாலும் மீன் சாகும். நம் முன்னோர் கண்ணால் மதிப்பிட்டவற்றுக்கெல்லாம் இவ்வாறு எண்கள் கிடைத்தன.

இந்த எண்களுள் பிராணவாயுவைப் பற்றியதே மிகவும் வியப்பூட்டுவது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நம் ஊர் வெப்பமான 30 டிகிரியில், ஒரு லிட்டர் நீர் இயல்பாக ஏழரை மில்லிகிராம் அளவே பிராணவாயுவைத் தாங்கும். மீன் இந்த ஏழரையை நம்பியே வாழ்கிறது. ஐந்துக்குக் கீழே போனால் அதன் வளர்ச்சி குன்றும். மூன்றுக்குக் கீழே போனால் திணறும்.

பகலில் பச்சைப் பாசி சூரிய ஒளியால் பிராணவாயுவை உண்டாக்கி நீரில் சேர்க்கிறது. இரவில் அதே பாசி பிராணவாயுவை உட்கொள்கிறது. மீனும் உட்கொள்கிறது, அடிச்சேறும் உட்கொள்கிறது. சேர்ப்பார் எவருமில்லை, செலவழிப்பார் மட்டுமே உண்டு. ஆதலால் விடியலுக்குச் சற்று முன்பு கையிருப்பு மிகக் குறைந்துவிடுகிறது. மீன்கள் விடியற்காலையில் வாயை மேலே நீட்டித் தத்தளிப்பதற்கும், நாம் எழுந்து பார்க்கையில் செத்து மிதப்பதற்கும் காரணம் இதுவேயாகும். முந்திய நாள் வானம் மூடியிருந்தால் பகலில் சேரவேண்டியது சேராது. மாலையில் கனமழை பெய்து மேல்நீர் குளிர்ந்தால், அது கீழிறங்க, பிராணவாயு இல்லாத அடிநீர் மேலே வரும். நீரின் பச்சை நிறம் மிகக் கடுமையாக இருந்தால் இரவுச் செலவு பெருகும். கண்ணேறுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இதில் பங்கில்லை.

அடுத்தது அமோனியா. இதைத் தோட்டத்து மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மங்கிலிருந்து சேர்த்த பால் ஸ்டோருக்குப் போகுமுன் உறைந்துவிடாதிருக்க அமோனியா விடுகிறோம். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைப்பது அதுதான். பாலை உறைய வைக்க வேண்டுமானால் ஃபார்மிக் அமிலம் விடுகிறோம். ஒன்று காரம், மற்றது புளிப்பு. இவ்விரண்டின் தன்மையும் நம் கைகளுக்குத் தெரியும்.

குளத்தில் அமோனியாவை வெளியிலிருந்து யாரும் ஊற்றுவதில்லை. மீன் தின்ற தீனியிலுள்ள புரதம் செரித்தபின் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. தின்னாமல் மீந்த தீனி அடியில் அழுகியும் அமோனியா உண்டாகிறது. அந்த அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது, மற்றொன்று நஞ்சு. நீர் நடுநிலையில், பி.எச். 7ஆக இருக்கும்போது, நம் ஊர் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. அதே நீரின் பி.எச். 9க்கு ஏறினால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். வெயில் கடுமையான பிற்பகலில், பாசி மிகுந்த குளத்தில் பி.எச். இவ்வாறு ஏறுவதுண்டு. காலையில் பிராணவாயுக் குறைவையும் பிற்பகலில் அமோனியா மிகுதியையும் மீன் மாறிமாறித் தாங்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் கல் தூளை முறையாக இட்ட குளத்தில் பி.எச். இப்படி ஏறியிறங்கித் தாவுவதில்லை. மலாக்கா ஆராய்ச்சியில் கண்ட சுண்ணாம்பின் பயன் இங்கே மீண்டும் நமக்கு உதவுகிறது.

இதுவரை குளத்துக்குள்ளே நடப்பதைப் பார்த்தோம். குளத்துக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் வரலாற்றில் பெரிய கேள்வியாகவே இருந்திருக்கிறது. 1960களிலும் 1970களிலும் செம்பனை பெருகி ஆலைகள் எழுந்தன. ஆலைக் கழிவு ஆறுகளில் கலந்தது. கழிவு நீரிலுள்ள பொருள்கள் அழுகும்போது எவ்வளவு பிராணவாயுவை இழுக்கின்றன என்பதைக் கொண்டு அதன் கேட்டை அளப்பார்கள். சுத்திகரிக்கப்படாத செம்பனை ஆலைக் கழிவு ஒரு லிட்டர், ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயுவை இழுக்கும். ஆற்று நீர் ஒரு லிட்டரில் இருப்பதோ ஏழரை. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கழிவு, மூவாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும்!

மலேசிய அரசு 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. ஆற்றில் விடும் செம்பனைக் கழிவின் அளவை 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 1984இல் 100 என்று வரையறுத்தனர். கழிவை வரிசையாகப் பல குளங்களில் தேக்கி, நுண்ணுயிர்களால் அழுகச் செய்து, அதன்பின் வெளியேற்றும் முறை ஆலைகளில் வந்தது. சட்டம் வந்ததால் எல்லா ஓடைகளும் ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. ஆனால் ஓடையைக் கெடுப்பது குற்றம் என்பது எழுத்தில் ஏறியது. நம்மைப் போன்ற எளியவர்களும் புகார் செய்ய ஓரிடம் கிடைத்தது.

இதே காலத்தில் கெடாவின் வயல்வெளிகளிலும் மாற்றம் ஏற்பட்டது. 1966 முதல் 1970 வரை கட்டப்பட்ட மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் வயல்களில் ஆண்டுக்கு இரு போகம் நெல் விளைந்தது. நாட்டின் அரிசிப் பானை நிறைந்தது. ஆனால் இரு போகத்துக்கிடையே வயலைக் காய வைத்ததாலும், பூச்சிமருந்துகள் பெருகியதாலும் வயல் மீன் குறைந்தது. 1980களின் தொடக்கத்தில் வட மாநிலங்களில் வயல் மீன்களின் உடலில் புண் விழும் நோய் பரவியது. ஒருவகைப் பூஞ்சையால் வரும் இந்நோய், புளிப்பு நீராலும் குளிர்ந்த மழை நீராலும் மீனின் தோல் நலிந்திருக்கும்போது எளிதில் தொற்றுகிறது. இங்கும் நோய்க்கு வழி திறந்தது நீரே. வயலில் இலவசமாகக் கிடைத்த மீன் குறையக் குறைய, குளத்தில் வளர்க்கும் மீனுக்குத் தேவை கூடிற்று.

அத்தேவையை நிறைவு செய்யும் முயற்சி ஒன்றில் நம் கெடா மாநிலமே இடம் பெற்றது என்பது நமக்குப் பெருமை. 1988இல் ஃபிலிப்பைன்ஸ் நாட்டில், எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொண்டுவந்த நைல் திலாப்பியாவையும், ஆசியப் பண்ணைகளில் இருந்த இனங்களையும் கலந்து, வேகமாக வளரும் மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் பணி தொடங்கியது. 'கிஃப்ட்' திலாப்பியா என்று பெயர் பெற்ற அவ்வினத்தின் குடும்பங்கள், 2000ஆம் ஆண்டின் இறுதியிலும் 2001இன் தொடக்கத்திலும் கெடாவின் ஜித்ராவிலுள்ள மீன்வளத் துறை நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டன. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக மீன் மையம் அங்கே தேர்வுப் பணியைத் தொடர்ந்தது.

அந்த மையத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர்களுள் ஒருவர் மொடடுகு விஜய் குப்தா. ஆந்திர நாட்டின் பாபட்லாவில் 1939இல் பிறந்த இவர், வங்காளதேசத்தில் ஆகாயத்தாமரை மண்டிப் பாழாய்க் கிடந்த சிறு குட்டைகளை ஏழைக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், மீன் குளங்களாக்க வழிகாட்டினார். 2005ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பெரிய முதலோ, பெரிய நிலமோ இல்லாதவர்களும் மீன் வளர்க்கலாம் என்பதை அவருடைய பணி உலகுக்குக் காட்டியது.

ஆயினும் நேயர்களே, எவ்வளவு உயர்ந்த இனமாயினும் அது நீரில்தான் வாழவேண்டும். வேகமாக வளரும் மீன் வேகமாகத் தின்னும், மிகுதியாகக் கழிக்கும், மிகுதியாகப் பிராணவாயு கேட்கும். பழைய மீன் பொறுத்துக்கொண்ட கவனக்குறைவை இது பொறுக்காது. சேமநிதிப் பணத்தையோ கடன் பணத்தையோ போட்டுக் குளம் வெட்டும் குடும்பத்துக்கு, ஓர் இரவில் போவது மீன் மட்டுமன்று. பிள்ளைகளின் படிப்புக்கென வைத்ததும் சேர்ந்தே போய்விடும். ஆகவே வரலாறு கற்பித்தவற்றைச் செயலாகத் தொகுத்துச் சொல்வோம்.

முதலாவது, குளம் வெட்டுமுன் ஓடையின் மேற்புறம் நடந்து பாருங்கள். மேலே ஆலை உண்டா, மருந்துப் பம்பு கழுவும் இடம் உண்டா, மாட்டுக் கொட்டகை உண்டா என்று அறியுங்கள். பல்லாண்டுகள் தோட்டங்களில் புழங்கிய பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் வேறு மருந்துகள் உள்ளன. மருந்து அடிக்கும் பெண்கள் தம் பம்பையும் வாளியையும் குளத்து வாய்க்காலில் கழுவாதிருத்தல் வேண்டும். இது மீனுக்காக மட்டுமன்று, அப்பெண்களின் நலத்துக்காகவுமே.

இரண்டாவது, புதுக் குளத்துக்கும் ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் அடிச்சேற்றை அள்ளி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்புக் கல் தூள் இடுங்கள். சேறு காய்கறிக்கு உரமாகும். நீற்றுச் சுண்ணாம்பு கடுமையானது. மீன் இருக்கும் குளத்தில் அதைப் போடக் கூடாது. எவ்வளவு இடுவது என்பதை மண்ணையும் நீரையும் சோதித்த பின் மீன்வளத் துறை அலுவலர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்க.

மூன்றாவது, செக்கி பாதிரியாரின் தட்டு இல்லையென்றால் உங்கள் கையே போதும். உள்ளங்கையை மேல் நோக்கி வைத்துக் கையை நீரில் இறக்குங்கள். முழங்கை நனையும் ஆழத்தில், அதாவது 30 முதல் 40 சென்டிமீட்டரில், உள்ளங்கை மறைந்தால் பச்சை சரியான அளவு. மணிக்கட்டு நனையுமுன்பே மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது. தீனியையும் எருவையும் நிறுத்தி, நல்ல நீர் சிறிது விடுங்கள். தோள்வரை இறக்கியும் கை தெரிந்தால் நீரில் உணவில்லை. நீர் பழுப்பாகக் கலங்கியிருந்தால் அது மண் கலக்கம். அப்போது இந்தச் சோதனை பயன்படாது.

நான்காவது, வானம் மூடிய நாளிலும், மாலையில் பெருமழை பெய்த நாளிலும் தீனியைக் குறையுங்கள். மறுநாள் விடியுமுன் குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே புது நீரை உயரத்திலிருந்து விழச் செய்யுங்கள், அல்லது பம்பால் குளத்து நீரையே மேலே வீசியடியுங்கள். விழும் நீர் காற்றைச் சுமந்து இறங்கும்.

ஐந்தாவது, ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் வட்டாரத்தில் வறட்சி வரும். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலமும் அதுவே. நீர் வற்றியிருக்கும் வேளையில் இலைகள் குவிந்து அழுகினால் பிராணவாயு விரைவில் தீரும். கரையோர மரக்கிளைகளை வெட்டுங்கள், விழுந்த இலையை வலையால் அரித்தெடுங்கள். அந்நாளில் மீன் எண்ணிக்கையைக் குறைத்து விற்றுவிடுவதும் அறிவுடைமை.

இவற்றோடு, பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நாள்தோறும் விடியலில் மீன் எப்படி இருந்தது, நீரின் நிறம் என்ன, மழை பெய்ததா, எவ்வளவு தீனி போட்டோம் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் சென்றபின் அந்நோட்டுப் புத்தகம் உங்கள் குளத்தின் வரலாறாக இருக்கும். ஏதேனும் நேர்ந்தால் எப்போது, எதனால் என்று காட்டும். அலுவலரிடம் கேட்கச் செல்லும்போதும் அதை எடுத்துச் செல்லலாம்.

இறுதியாக ஒன்று. நம் குளத்திலிருந்து வெளியேறும் நீர் கீழே இன்னொருவர் குளத்துக்கோ, ஆற்றுக்கோ செல்கிறது. மேலிருந்து வரும் நீர் நல்லதாக இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் உரிமை, கீழிருப்பவர்க்கும் உண்டு. அறுவடையின்போது அடிச்சேற்று நீரை அப்படியே ஓடையில் திறந்துவிடாமல், வாழைத் தோப்பிலோ காய்கறிப் பாத்தியிலோ பாய்ச்சுங்கள். மண் அதை உரமாக ஏற்றுக்கொள்ளும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூர் மக்கள் ஏரிக்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். ஒரே ஓடையை நம்பியிருக்கும் நாலைந்து குடும்பங்கள் கூடிப் பேசி நீரைக் காத்துக்கொள்வது நமக்கும் இயலாத காரியமன்று.